என் கையால் ஒரு வாய்

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதர சகோதரிகளே. என் தங்கை மாப்பிள்ளை ஏழு மாதம் என் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் கஷ்டத்தை அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்களில் நோய், வழக்கு, விபத்து என்று பெரிய சோதனைகளைத் தாண்டி வந்தவர்கள் இருப்பீர்கள். அவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அது தொண்டையில் சிக்கிய மீன் முள்.

என் பெயர் ரஹீம். கோட்டைமேட்டில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வயது ஐம்பத்தொன்று. எனக்கு முன்கோபம் உண்டு. இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். மாப்பிள்ளை பெயர் காசிம். என் தங்கை நஸீமாவின் கணவர், என்னைவிட ஆறு வயது சின்னவர். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை. நூறு புடவையை விரித்துக் காட்டி, ஒன்றுகூட வாங்காமல் எழுந்து போகிறவர்களிடமும் "இன்னொரு நாளைக்கு வாங்கம்மா" என்று சிரித்தபடி சொல்லும் மனிதர். இப்படிப்பட்டவரையே சாப்பிடாமல் கைகழுவ வைத்தவன் நான்.

என் மகளின் நிக்காஹ் அன்று பிரியாணிப் பொறுப்பை அவர்தான் எடுத்துக்கொண்டார். விடியற்காலையிலிருந்து அடுப்படியிலேயே நின்றார். நாலு அண்டாவில் ஒன்று மட்டும் குழைந்துவிட்டது. அந்த அண்டாவைத்தான் சம்பந்தி வீட்டார் பந்தியில் திறக்க வேண்டுமா? எனக்கு வந்ததே கோபம். அத்தனை பேர் முன்னால், "ஒரு அண்டாச் சோறு பாக்கத் தெரியாதவருக்கு எதுக்குங்க பொறுப்பு?" என்று கத்திவிட்டேன். அவர் கையைக் கழுவினார். தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்கு வராமல் இல்லை. வந்தார். பெருநாளைக்கு வந்தார், என் மகன் வழிப் பேத்திக்குப் பெயர் வைத்தபோது வந்தார். ஆனால் எதை நீட்டினாலும், "இப்பத்தான் சாப்பிட்டேனுங்க மச்சான்", "வயிறு செரியில்லீங்க மச்சான்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

துஆ கேட்க ஆரம்பித்தேன். "யா அல்லாஹ், என் மாப்பிள்ளை என் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும்." அவ்வளவுதான் கேட்டேன். தொழுகைக்குத் தொழுகை கேட்டேன். ரமலான் முழுக்கக் கேட்டேன். பெருநாள் அன்று அவர் வந்து உட்கார்ந்தபோது, இன்றைக்குத்தான் பதில் என்று நினைத்து என் கையாலேயே சேமியா ஊற்றிக் கொடுத்தேன். கிண்ணத்தை வாங்கிப் பக்கத்திலிருந்த பையனிடம் கொடுத்துவிட்டார். அன்று இரவு தொழுகை விரிப்பில் உட்கார்ந்து, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ரப்பாகிய அல்லாஹ்விடமே சலித்துக்கொண்டேன். "நான் என்ன மலையையா பெயர்த்துத் தரச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டேன்.

எனக்கும் அவருக்கும் சர்க்கரை நோய். சண்டைக்கு முன்பு டாக்டர் சொன்னதற்காக ஆளுக்கொரு கியர் சைக்கிள் வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தோம். நஸீமாதான் யோசனை சொன்னாள். "ஏண்ணா, முன்ன மாதிரி ரெண்டு பேரும் ஒருக்காச் சைக்கிள்ல மலைப்பக்கம் போய்ட்டு வாங்களேன். ஊட்டுக்குள்ள பேச முடியாதத வெளிய பேசிக்கலாமுல்ல." அவரும் சரி என்றுவிட்டார். பெருநாள் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஷவ்வால் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு, தெரிந்தவர் வேனில் சைக்கிள்களை ஏற்றிக் கிளம்பினோம். சத்தியமங்கலம் தாண்டி மலையேறும் ஒரு கிளைச் சாலை. அதன் பெயர் வேண்டாம், அன்றைக்கே அதைப் போதுமான அளவு திட்டியாகிவிட்டது. அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் பதினான்கு கிலோமீட்டர். முதல் ஐந்து நல்ல தார் ரோடு. ஏற்றம் கடுமைதான், ஆனாலும் மெதுவாக மிதித்து ஏறினோம். மாப்பிள்ளை எனக்கு முன்னால் அமைதியாகப் போனார். நான் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.

ஆறாவது கிலோமீட்டரில் ரோடு முடிந்து ஜல்லி ஆரம்பித்தது. பழைய தாரைப் பெயர்த்துப் போட்டு, ஒன்றரை அங்குல ஜல்லியைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். ரோலர் இன்னும் ஓட்டவில்லை. அதில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வெறுமனே சுற்றும். உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் தூக்கும். கல்லெல்லாம் டயருக்கடியில் உருண்டு, நாம் மேலே போக நினைத்தால் பக்கத்தில் தள்ளும். ஐம்பதடி போவதற்குள் இரண்டு முறை காலை ஊன்றினேன். தூசி பல்லில் நறநறத்தது.

அங்கே ஒரு டிராக்டர் ரோட்டை அடைத்துக்கொண்டு லோடு இறக்கிக்கொண்டிருந்தது. "செத்த நில்லுங்க பாய், எறக்கிப்போட்டு வழி உட்டறோம்" என்றார் மேஸ்திரி. இருபது நிமிஷம் நின்றோம். டிராக்டர் நகரும்போது ஒரு மூட்டைத் தூசியை எங்கள் மேல் கொட்டிவிட்டுப் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. "ரோடு போடறீங்களா, இல்ல மனுசன் காலை ஒடிக்கறதுக்குக் கல்லக் கொட்டறீங்களா?" என்று மேஸ்திரியிடம் சத்தம் போட்டேன். அவர்களுக்கு டீ போட்டுக்கொடுக்கும் தங்கமணி என்ற அம்மா ரோட்டோரம் அடுப்பு வைத்திருந்தார். அவர் சமாதானமாக, "ஏனுங்க பாய், ஒரு டம்ளர் டீ குடிச்சுப்போட்டுப் போங்க. நாட்டுச் சக்கரை போட்டதுங்க, ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாது" என்று டம்ளரை நீட்டினார்.

"ஒண்ணும் வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாப்பிள்ளையும் வேண்டாமென்று கும்பிட்டார். அந்த அம்மா டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்ட விதத்தை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அதற்கு மேல் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் ஒரு வழக்காக இருந்தது. வளைவின் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் கல் குவியல். பாதி ஓட்டினோம், பாதி தள்ளினோம். இரண்டாவது வளைவில் நின்று என் பாட்டிலை நீட்டினேன். "இருக்குதுங்க மச்சான்" என்றார். இருந்தது உண்மைதான். அவர் சைக்கிளில் தண்ணீர் பாட்டில் கழுத்து வரை அப்படியே நிறைந்திருந்தது. சித்திரை வெயிலில் ஒரு மிடறுகூடக் குடிக்காமல் வந்திருக்கிறார். என் முன்னால் தன் சொந்தத் தண்ணீரைக்கூடக் குடிக்க மாட்டாராம்! அடுத்த வளைவில் வெள்ளரிக்காய் நறுக்கியதை நீட்டினேன். "நீங்க சாப்பிடுங்க மச்சான்." எனக்கு உச்சந்தலை வரை ஏறியது.

நாலாவது வளைவில் ஒரு மரத்தடி நிழலும் ரோட்டோரத் தடுப்புச் சுவரும் இருந்தன. அவர் சைக்கிளைப் போட்டுவிட்டுச் சுவரில் உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது. கை லேசாக நடுங்கியது. நான் கடைசியாகப் பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்தேன். ஊரிலிருந்து கிளம்பும்போதே இதற்காகத்தான் எடுத்து வந்தேன். மலையுச்சியில், நல்ல காற்றில், நல்ல வார்த்தை பேசிக் கொடுப்பதாகத் திட்டம். அந்த நல்ல வார்த்தையெல்லாம் ஜல்லியில் எங்கோ விழுந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க மாப்ளே."

"சும்மா விடுங்க மச்சான்! தின்னு தின்னுன்னு உசுர வாங்கறீங்க!"

ஏழு மாதத்தில் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவருடைய உண்மையான முகத்தைப் பார்த்துவிட்டதாகத் தோன்றியது. டப்பாவைச் சுவரில் ஓங்கி வைத்தேன். மரியாதையெல்லாம் பறந்துபோனது. "நீ திங்காட்டிப் போ. கொரங்கு திங்கட்டும்!" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போய்விட்டேன்.

அரைக் கிலோமீட்டர் போயிருப்பேன். செயின் கழன்றது. மாட்டிவிட்டு நிமிர்ந்தால் பாட்டிலைக் காணோம். குலுங்கிய குலுக்கலில் எங்கோ விழுந்திருக்கிறது. எனக்கு அழுகை வருகிறாற்போல் இருந்தது. ஒரு பாறை நிழலில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, மாப்பிள்ளையை, மேஸ்திரியை, ஜல்லியை, சைக்கிள் விற்றவனை என்று வரிசையாகத் திட்டித் தீர்த்தேன். மத்தியான லுஹர் தொழுகை நேரம் ஆகிவிட்டிருந்தது. சரி, தொழுவோம் என்று எழுந்தேன். கை, முகம், கால் கழுவி உளூச் செய்யத் தண்ணீர் இல்லை. மாப்பிள்ளையிடம் ஒரு பாட்டில் நிறைய இருந்தது, ஆனால் போய்க் கேட்க எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்தையும் கையையும் தடவிக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி இருக்கிறதே, அந்தத் தயம்மும் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

காலையிலிருந்து திட்டிய அதே தூசியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தேன். முகத்தில் தடவினேன். முகம் காய்ந்திருந்தது. உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக, சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருந்தது. மலைக்காற்றில் வியர்வை தங்கவே இல்லை.

அப்படியானால் மாப்பிள்ளைக்கு ஏன் நிழலில் உட்கார்ந்த பிறகும் அப்படி வியர்த்தது?

கை முகத்திலேயே நின்றுவிட்டது. நடுக்கம். வியர்வை. காரணமில்லாத எரிச்சல். எட்டு வருஷமாக எனக்குச் சர்க்கரை. லோ சுகர் எப்படி வரும் என்று எனக்கு மனப்பாடம். எனக்கே இரண்டு தடவை வந்திருக்கிறது, இரண்டு தடவையும் என் மனைவி மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். கண்ணெதிரே அத்தனையும் இருந்தும் நான் பார்த்தது என் மானத்தை மட்டும்தான்.

சைக்கிளில் ஏறினேன். ஏறும்போது தள்ளிவிட்ட ஜல்லி, இறங்கும்போது வழுக்கிவிட்டது. பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கிறது, சைக்கிள் நிற்கவில்லை. ஒரு இடத்தில் விழுந்து முழங்கை கிழிந்தது. எழுந்து ஓடினேன்.

மாப்பிள்ளை சுவரிலிருந்து சரிந்து கல் குவியலில் சாய்ந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "இந்தக் கலர்ல வேற டிசைன் இருக்குதுங்கம்மா" என்றார். பேரீச்சம்பழ டப்பாவைத் தேடினேன். சுவருக்கு அந்தப் பக்கம், சரிவில், இரண்டு குரங்குகள் அதை வைத்துக்கொண்டிருந்தன. டப்பா காலி. நான் சொன்னபடியே நடந்திருந்தது.

என் பையில் மிச்சமிருந்தது வெள்ளரிக்காய். ஃபோனில் சிக்னல் இல்லை. அவரை விட்டுவிட்டு இறங்கினால் அவர் எழுந்து சரிவுப் பக்கம் நடந்துவிடுவாரோ என்று பயம். விட்டுவிட்டுப் போகாமல் இருந்தால் இங்கேயே மயங்கிவிடுவார். என் தங்கை முகம் கண் முன்னால் வந்தது. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜல்லியில் உட்கார்ந்து கத்தினேன். அழகான அரபு வார்த்தை ஒன்றும் நாக்கில் வரவில்லை. "யா அல்லாஹ், சர்க்கரை! கொஞ்சம் சர்க்கரை!" அவ்வளவுதான் என் துஆ.

கீழ் வளைவில் டிராக்டர் சத்தம் கேட்டது.

காலையில் நான் சபித்த அதே சத்தம். மத்தியானச் சோற்றுக்கு நிழல் தேடி, அடுப்பையும் சோற்றுப் போசியையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, எல்லோரும் இந்த மரத்தடிக்கு வந்துகொண்டிருந்தார்கள். டிராக்டர் நிற்பதற்கு முன்பே ஓடிப்போய், "அம்மா, சக்கரை இருக்குதுங்களா? இவருக்குச் சுகர் எறங்கிப்போச்சு" என்றேன். தங்கமணியம்மா என் முகத்தைப் பார்த்தார். காலையில் நான் பேசியதை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. பையிலிருந்து நாட்டுச் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து என் உள்ளங்கையில் கொட்டினார். "வெரசாக் குடுங்க பாய்."

வாயருகே கொண்டுபோனேன். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். அந்த நிலையிலும் என் கையை மறுக்கிறாரா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்போதுதான் வாய்க்குள் முனகியது கேட்டது.

"நோம்பு... நோம்புங்க மச்சான்..."

அந்த ஒரு சொல்லில் அன்றைய காலைப்பொழுது முழுவதும் தலைகீழாகப் புரண்டது. நிறைந்திருந்த பாட்டில். வெள்ளரிக்காய். கும்பிட்டு மறுத்த டீ. ரமலானுக்குப் பிறகு ஷவ்வாலில் வைக்கும் ஆறு நோன்பில் ஒன்றை வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், இந்த மனிதர் மலையேறியிருக்கிறார்.

"மாப்ளே, உசுருக்கு ஆபத்துன்னா முறிக்கலாம். அல்லா கோவிச்சுக்க மாட்டான். பொறவு இன்னொரு நாள் வெச்சுக் கழாச் செஞ்சுக்கலாம். வாயத் தொறங்க மாப்ளே, உங்க காலப் புடிக்கறேன்" என்றேன். உண்மையிலேயே ஒரு கையால் காலைப் பிடித்தேன்.

வாயைத் திறந்தார். என் உள்ளங்கையிலிருந்து, தூசியும் ரத்தமும் ஒட்டிய அந்தக் கையிலிருந்து, சர்க்கரையைச் சிட்டிகை சிட்டிகையாக நாக்கில் வைத்தேன். சப்பினார். விழுங்கினார். மீதியை, அவர் ஒரு மிடறுகூடக் குடிக்காமல் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். குடித்தார். ஏழு மாதம் கேட்டேனே, என் கையால் ஒரு வாய் என்று! சகோதரர்களே, எனக்கு அது நினைவுக்கு வந்தபோது நான் சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தேன். ரோடு வேலைக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கால் மணி நேரத்தில் பேச்சுத் தெளிந்தது. விடியுமுன் ஸஹரில் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையையும் போட்டிருக்கிறார். "ஆறுல கடைசி நோம்புங்க மச்சான். நஸீமாகிட்ட இன்னைக்கு வைக்கலைன்னுட்டேன். டாக்டர் வேண்டாமுன்னாரு, உங்ககிட்டச் சொன்னா நீங்களும் திட்டுவீங்க. அதுவுமில்லாம, அல்லாவுக்காக வைக்கறத ஊரெல்லாம் சொல்லிக்கிட்டா திரிவாங்க?"

"நான் உங்களுக்கு இன்னும் கோவமுன்னு நெனச்சேன்."

அவர் நிமிர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். "கோவம் மூணு மாசத்துலயே போயிருச்சுங்க மச்சான். அப்பறம் எப்படிச் சாப்பிட ஆரம்பிக்கறதுன்னு தெரியல. நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அந்த இடத்தில்தான் என் எரிச்சல் முழுவதும் என் மேலேயே திரும்பியது. ஏழு மாதம் அல்லாஹ்விடம் கேட்டிருக்கிறேன். கேட்காத நேரமில்லை. மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்கவில்லை! குழைந்துபோன ஒரு அண்டாச் சோற்றுக்காக அத்தனை பேர் முன்னால் கத்தினேனே, இப்போது இத்தனை பேர் முன்னால் கேட்டேன். மேஸ்திரியிடமும் கேட்டேன். தங்கமணியம்மா டீ டம்ளரை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். பாட்டிலில் மீதமிருந்த தண்ணீரையும் அவர்கள் குடத்துத் தண்ணீரையும் வைத்து உளூச் செய்து, மாப்பிள்ளையை உட்கார்ந்தபடி தொழச் சொல்லி, அந்த ஜல்லி ஓரத்திலேயே இரண்டு பேரும் லுஹர் தொழுதோம். பிறகு எங்களையும் சைக்கிள்களையும் டிராக்டரில் ஏற்றி அடிவாரத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் ஊர் திரும்பினோம். அந்த மலையுச்சியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

என் தயம்மும் பற்றிப் பின்னால் மார்க்கம் படித்த ஓர் ஆலிமிடம் கேட்டேன். அரைக் கிலோமீட்டரில், கேட்டால் கிடைக்கும் தண்ணீர் இருந்ததால் அது கூடாது என்றார். நியாயம்தான். ஆனால் கூடாத அந்தத் தயம்முமைக் கொண்டுதான் என் ரப்பு என் கண்ணைத் திறந்தான். அல்ஹம்துலில்லாஹ்.

உங்களில் யாராவது ஒன்றையே பல மாதம் கேட்டு அலுத்துப்போயிருந்தால், விட்டுவிடாதீர்கள். சலிப்போடு கேட்டாலும் கேளுங்கள், நான் அப்படித்தான் கேட்டேன், அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். கூடவே, நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டிய மனிதர் யாராவது இருந்தால் அவரிடமும் இன்றைக்கே போய்க் கேளுங்கள். அந்த வேலையை உங்களுக்காக வேறு யாரும் செய்ய முடியாது.

மாப்பிள்ளை, டாக்டர் சொன்னபடி மாத்திரையை மாற்றிக்கொண்டு, அடுத்த மாதம் வீட்டிலேயே இருந்து அந்த நோன்பைக் கழா செய்தார். நோன்பு திறக்க என் வீட்டுக்கு வந்தார். பேரீச்சம்பழத்தை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். கஞ்சியை நானே காய்ச்சியிருந்தேன். ஒரு வாய் குடித்தவர் நிறுத்தினார், கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மச்சான்... உப்புக் கொஞ்சம் கம்மிங்க."

என் மனைவியும் நஸீமாவும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் எழுந்து சமையலறைக்குப் போய் உப்பு எடுத்து வந்தேன்.